கண்டக்டர் வயிறு

சிவனாண்டியின் வயிறு பெருத்துக்கொண்டு வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது அவர் கண்டக்டராக ஓடிய மினிபஸ்தான். இரண்டு பக்கமும் சீட்டுகள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் இடையில் இருக்கிற கரிசல்காட்டு ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டு நடை. நான்கு வருஷமாக அந்தச் சந்தில் விலாங்கு மாதிரி நழுவி நழுவி டிக்கெட் போட்டவர், 2003ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் மூன்றாவது சீட்டுக்கும் எதிர்ச் சீட்டுக்கும் நடுவில் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றுவிட்டார்.

"ஏ வெயிலு, ஒரு பிரேக் போடு. தன்னால உருண்டு முன்னால வந்துருதேன்" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் வெயிலுமுத்து நிஜமாகவே பிரேக்கை மிதித்தார். சிவனாண்டி உருளவில்லை, யாரோ ஏற்றியிருந்த பருத்தி மூட்டையின் மேல் குப்புற விழுந்தார். அதற்கு இன்னொரு சிரிப்பு. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் சிவனாண்டி.

அது அவருடைய வித்தை. நாற்பத்தாறு வயதில் அவர் தேடி வைத்திருந்த ஒரே சொத்து என்றும் சொல்லலாம். ஆள் குட்டை. பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'முக்காப்படி' என்று பட்டப்பெயர். அடித்துப் பார்த்தார், அழுது பார்த்தார், பெயர் போகவில்லை. ஒரு நாள் வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது, "முக்காப்படி வந்திருக்கு சார், மீதிக் காப்படி வீட்ல இருக்கு" என்று அவரே சொன்னார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு அந்தப் பெயர் செத்துப்போயிற்று. ஊரார் சிரிப்பதற்குள் நாம் முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் அடி பாதிதான் வலிக்கும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டவர், பிறகு வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் வேட்டி அவிழ்ந்தபோதும் அதே வித்தை, வழுக்கை விழுந்தபோதும் அதே வித்தை. வயிற்றுக்கும் அதையே எடுத்தார்.

பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு அவர் வயிறு பொதுச்சொத்தாகிவிட்டது. காலை ஏழு மணி நடையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் ஏறுவார்கள். பொழுது போகாமல் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவார்கள்.

"வாயுதான் அண்ணாச்சி. ஓமத்தைக் கொதிக்க வச்சுக் குடிங்க. ராத்திரி கிழங்கு திங்காதீங்க" என்பாள் ஒருத்தி.

"வெளிக்கு ஒழுங்காப் போகுதா? மூணு நாள் போகலன்னாலே வயிறு மத்தளம் மாதிரி ஆயிரும். விளக்கெண்ணெய் குடிச்சா எல்லாம் வழிச்சுக்கிட்டுப் போயிரும்" என்பாள் அடுத்தவள்.

அழகுத்தாய் என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், எதையும் மெதுவாகத்தான் சொல்லுவாள். "எனக்கும் இப்பிடித்தான் பெருத்துச்சு. வாயுன்னாவ, சதைன்னாவ. எங்க நாத்தனா, இந்த வயசுல மறுபடியும் உண்டாயிருக்கியான்னு கேட்டா. கடைசில பார்த்தா சினைப்பையில கட்டி. நாலு கிலோ இருந்துச்சு, ஆபரேசன் பண்ணி எடுத்தாவ. சும்மா விடாதீங்க அண்ணாச்சி."

"எனக்குச் சினைப்பை இருந்தா டாக்டரே பயந்து ஓடிருவாரு தாயி" என்றார் சிவனாண்டி. மறுபடி சிரிப்பு. அழகுத்தாய் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கினாள்.

வெளியே இப்படிச் சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் அவர் பெரிய வைத்தியர். வாயு என்று அவரே தீர்மானம் செய்துவிட்டார். ஓமத்தண்ணி, பெருங்காயத்தை மோரில் கரைத்தது, காணப்பயற்று ரசம், கோலி சோடா என்று ஒவ்வொன்றாக ஒரு வாரம் பார்த்தார். சோடா குடித்தால் இரண்டு ஏப்பம் வரும். ஏப்பம் வந்ததும் வயிறு ஒரு சுற்றுக் குறைந்த மாதிரி அவருக்குத் தோன்றும். பேண்ட்டைப் போட்டுப் பார்த்தால் கொக்கி நேற்றைக்கு நின்ற இடத்துக்கும் ஒரு விரல்கடை தள்ளி நிற்கும். கொக்கி தைத்தவன் சரியில்லை என்று முடிவு செய்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மெடிக்கல் கடையில் வாயு மாத்திரை வாங்கினார். ஒரு மாதம் வாங்கின பிறகு கடைக்காரர், "அண்ணாச்சி, இனிமே மாத்திரை கேக்காதீங்க. மாசக்கணக்கில வாயு இருக்காது. டாக்டரைப் பாத்து என்ன ஏதுன்னு கேளுங்க" என்றார். நல்ல புத்தி சொன்ன மனிதர். அதனாலேயே மறுநாள் சிவனாண்டி வேறு மெடிக்கல் கடைக்கு மாறிவிட்டார்.

டாக்டரிடம் போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். குடிக்காதவர் என்பதோடு நிற்கவில்லை. குடித்தவனைப் பார்த்தால் பிரசங்கம் செய்யாமல் விடமாட்டார். போன வருஷம் இசக்கி என்ற கொத்தனார் போதையில் பஸ் ஏறினபோது, நடுக்காட்டில் விசிலடித்து நிறுத்தி இறக்கிவிட்டார். இறக்கிவிட்டதோடு போகாமல் படியில் நின்றுகொண்டு, "ஏலே, குடிச்சுக் குடிச்சு ஒரு நாள் வயிறு வீங்கித்தாம்லே போவே. மகோதரம்னா என்னன்னு தெரியுமா? எங்க சித்தப்பன் அதுலதான் செத்தான். கை கால் குச்சியா, வயிறு பானையா, பார்க்கச் சகிக்காது" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி முழங்கினார்.

இப்போது பானை அவர் இடுப்பில் இருந்தது. டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே 'எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள்' என்பதாகத்தான் இருக்கும். 'குடிக்கவே மாட்டேன்' என்றால் சிரிப்பார்கள். ஊரில் ஒருத்தன் காதில் விழுந்தால் போதும். அந்தச் சிரிப்பில் முந்திக்கொள்ள அவருக்கு வழி தெரியவில்லை. சித்தப்பன் கடைசி மாதம் கட்டிலில் கிடந்த கோலமும் அடிக்கடி கண்ணுக்குள் வந்து போயிற்று. வந்தால் ஒரு சோடா குடிப்பார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் மண் சேறாகி பஸ் டயரில் அப்பிக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில், கூட்டத்தோடு கூட்டமாகச் சிவனாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. எதிர்ச் சீட்டில் கண்ணில் புரை விழுந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேராகச் சிவனாண்டியின் வயிறு. பெரியவர் பக்கத்தில் இருந்த பையனை முழங்கையால் இடித்தார்.

"ஏலே, எந்திலே. பிள்ளைத்தாச்சி நிக்குதது தெரியல? எடத்தக் குடு."

பஸ் அதிர்ந்தது. வெயிலுமுத்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். பையன் எழுந்தே விட்டான். சிவனாண்டி முந்தானையை இழுத்துப் போர்த்துகிற மாதிரி தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நல்லா இரு ராசா, ஏழாம் மாசம்" என்று உட்கார்ந்தார். வேடிக்கைக்கு நடித்ததாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவருக்கு உட்கார வேண்டியிருந்தது. எழுந்திருக்க மனசே வரவில்லை. கடம்பூர் வரும்வரை உட்கார்ந்தபடியே டிக்கெட் போட்டார்.

பின் சீட்டில் இருந்த ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. பேபி என்று ஒரு கிராமத்து நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக இந்த பஸ்ஸில் போகிறவர். ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டார். கடம்பூரில் எல்லோரும் இறங்கின பிறகு, அவர் மட்டும் இறங்காமல் வந்து எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தார்.

"கண்டக்டர் அண்ணாச்சி, கையைத் தூக்குங்க."

"எதுக்கு நர்சம்மா, ஊசியா? நான் தடுப்பூசி போடுத பிள்ளை இல்லையே."

"தூக்குங்கன்னா."

தூக்கினார். கைக்கடிகாரம் மணிக்கட்டில் இருந்து கடகடவென்று வழுக்கி முழங்கைக்குப் போய் நின்றது.

"இந்த வாட்சு எப்போ வாங்குனது?"

"கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. இருபது வருசம். அவரை மாதிரியே அதுவும் இப்போ லூசாயிருச்சு."

பேபி சிரிக்கவில்லை. "வயிறு தொப்பையாப் பெருத்தா கை, கழுத்து, முகம் எல்லாஞ் சேர்ந்துதான் பெருக்கும். உங்களுக்கு வயிறு மட்டும் பெருத்திருக்கு, மத்ததெல்லாம் கரைஞ்சிருக்கு. எத்தனை நாளா இருக்கு?"

"ஆவணியில ஆரம்பிச்சது."

"காலைல எந்திரிக்கும்போது வத்தி இருக்குமா?"

"வத்துமாவது. அது ராத்திரி டூட்டியும் பாக்குது."

"சாப்பாடு?"

"நாலு வாய்ல தொண்டை வரைக்கும் வந்துருது. வீட்ல அரிசி மிச்சம்."

"காய்ச்சல் அடிக்குதா?"

சிவனாண்டி அதற்கு ஒரு வேடிக்கை தேடினார். வாய் வரைக்கும் ஒன்று வந்தது. பேபியின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது. இரண்டு வருஷத்தில் அந்த அம்மா ஒரு தடவைகூடத் தன் வேடிக்கைக்குச் சிரித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சாயங்காலம் ஆனா லேசாச் சுடும். ராத்திரி வேர்க்கும்" என்றார்.

"அண்ணாச்சி, வாயு வரும், போகும். திங்குத சாப்பாட்டால உப்பும், அடுத்த நாள் வத்தும். இது வந்த எடத்திலயே குடியிருந்துக்கிட்டு நாளுக்கு நாள் பெருகுது. உள்ள தண்ணி கோத்திருக்கும்னு நினைக்குதேன். என்னத்தால கோத்திருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஈரலா இருக்கலாம், இருதயமா இருக்கலாம், கிட்னியா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அடுத்த வாரம் லீவு சொல்லிட்டு…"

"நாளைக்கு. அதுக்குள்ள ராத்திரி தாங்க முடியாத வலி வந்தாலோ, வாந்தி நிக்காம எடுத்தாலோ, ரத்தமா வந்தாலோ, வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ, மூச்சு முட்டினாலோ நாளை வரைக்குங்கூட காத்திருக்காதீங்க. வண்டி பிடிச்சு வந்துருங்க. கேக்குதா?"

கேட்டது. ஆனாலும் புத்தி போகுமா? மறுநாள் காலை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எடை பார்க்கிற மெஷின் கண்ணில் பட்டது. நர்ஸ் சொன்னதைப் பொய்யாக்கிவிடலாம் என்று ஏறி நின்றார். விளக்குகள் சுற்றிச் சுற்றி எரிந்து சீட்டு விழுந்தது. ஐம்பத்திரண்டு கிலோ. சித்திரையில் அதே மெஷினில் அறுபது. வயிறு இரண்டு மடங்கு, ஆள் எட்டுக் கிலோ குறைவு. சீட்டின் பின்பக்கம் அதிர்ஷ்ட பலன் போட்டிருந்தது: 'நீங்கள் பிறர் யோசனையைக் கேட்டு நடப்பவர்.' மெஷினுக்குக்கூடத் தன்னைப் பார்த்தால் கிண்டலாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

மனைவி அமுதவள்ளியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். "ஏட்டி, உனக்கு ஒரு சக்களத்தி வாரா, பேரு ஆஸ்பத்திரி" என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். வாசலில் ஏறி வாயைத் திறப்பதற்குள் அவள், "கிளம்புவமா?" என்றாள். மாற்றுச்சேலை, சொம்பு, துண்டு எல்லாம் வைத்து ஒயர் கூடை தயாராக இருந்தது.

"எங்க?"

"நர்சம்மா நேத்தே ஆள் விட்டுச் சொல்லிட்டாவ. அவிய சொல்லலன்னாலும் இந்த வாரம் உங்களை இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன். ராத்திரி ராத்திரி முதுகு கொதிக்குதது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களோ? நனைஞ்ச தலையணையைத் தினமும் வெயில்ல காயப் போட்டது யாரு? வாயைத் திறந்தா வேடிக்கை பண்ணுதீங்க. நீங்க எதிர்பாக்குதீங்களேன்னு நானும் சிரிச்சேன்."

சிவனாண்டி கூடையை வாங்கிக்கொண்டார். அதுகூட அன்றைக்குக் கனத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சுகுணா அவரைப் படுக்க வைத்து வயிற்றின் மேல் ஒரு கை விரலை வைத்து இன்னொரு கை விரலால் தட்டினார். நடுவில் தட்டினால் டொப் டொப் என்று கேட்டது. விலாப்பக்கம் தட்டினால் சத்தமே இல்லை. ஒருக்களிக்கச் சொல்லி மறுபடி தட்டினார். சத்தம் இடம் மாறியது.

"தண்ணி இருக்கு. நீங்க திரும்பினா அதுவும் திரும்புது" என்றார் டாக்டர். பிறகு எதிர்பார்த்த அந்தக் கேள்வி வந்தது. "குடிப்பீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா. ஒரு சொட்டுக்கூட இல்ல. என் பொண்டாட்டியைக் கேளுங்க. எங்க ஊர் அம்மனைக் கேளுங்க. எந்த பஸ்ஸில வேணும்னாலும் கேளுங்க—"

"சரி, இல்லை" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அந்தப் பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று மாதம் சோடா குடித்தவர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தன்னைப்போல ஒரு மடையன் கோவில்பட்டி தாலுகாவில் இன்னொருத்தன் இருப்பானா என்று யோசித்தார். இருந்தால் அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஊசி போட்டு வயிற்றிலிருந்து வைக்கோல் நிறத்தில் தண்ணீர் எடுத்தார்கள். பரிசோதனைக்கு எடுத்தது போக, மூச்சு வாங்குகிறதே என்று ஒன்றரை லிட்டர் தனியாக வடித்தார்கள். அந்தப் பாட்டிலைப் பார்த்து, "கடம்பூர் வரைக்கும் இதையா ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தேன், லக்கேஜ் டிக்கெட்கூடப் போடாம" என்றார். ஊசி போட்ட நர்ஸ் சிரித்துவிட்டார். அமுதவள்ளி சிரிக்கவில்லை. சேலை முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டைக்கு அனுப்பிய பரிசோதனையின் முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் வார்டில் கிடந்தார். செத்துப்போன சித்தப்பன் தினமும் நினைப்பில் வந்து போனார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சித்தப்பன் படுத்திருக்கிற மாதிரி கனவு வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் முகம் தன்னுடையது. அதற்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் கட்டிலுக்கு வந்தார். "ஈரல் நல்லா இருக்கு. இருதயம், கிட்னி நல்லா இருக்கு. புத்துநோய் இல்லை. உங்களுக்கு வயித்துல டி.பி."

"டி.பி. நெஞ்சுல இருமுதவனுக்குத்தானே வரும்? நான் இருமவே இல்லையே."

"நெஞ்சுலதான் அதிகம். வயித்துலயும் வரும், எலும்புலயும் வரும். உங்களுக்கு நெஞ்சு சுத்தமா இருக்கு, அதனால நீங்க பேசினா சிரிச்சா யாருக்கும் ஒட்டாது. மருந்து இருக்கு, இலவசம். வாரத்துக்கு மூணு நாள், ஆறு மாசம். நடுவில ஒரு நாளும் விடக்கூடாது. விட்டா மருந்தை விட அது பலசாலி ஆயிரும். இன்னும் ஒரு மாசம் வீட்ல ஓமத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்திருந்தா குடல் அடைச்சுக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஆபரேசனுக்குத் தூக்கிட்டு ஓட வேண்டியிருந்திருக்கும்."

சிவனாண்டி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். தனக்கு வியாதி என்று சொன்னதற்காக ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டு அந்த வார்டு பார்த்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் இசக்கி வந்தான். கையில் இரண்டு இளநீர். நடுக்காட்டில் இறக்கிவிட்ட அதே இசக்கி. கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணாச்சி, கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. இவ்வளவு நாளா ஒளிச்சா குடிச்சீய? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா துணைக்கு வந்திருப்பேனே. தனியாக் குடிக்குதவனுக்குத்தான் ஈரல் சீக்கிரம் போகும்னு சொல்லுவாவ" என்றான்.

உள்ளே அமுதவள்ளி பாத்திரத்தை டணாரென்று வைத்தாள். சிவனாண்டிக்கு நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு, என்ன தோன்றியதோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊசி போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தார். எதற்குப் பயந்து மூன்று மாதம் ஓடினாரோ அது இளநீரோடு வீட்டுக்கே வந்து குத்தவைத்திருந்தது. வந்த பிறகு பார்த்தால் அதில் பயப்பட ஒன்றுமே இல்லை.

"குடியில்லலே, டி.பி." என்று எல்லாவற்றையும் சொன்னார்.

இசக்கி கேட்டுக்கொண்டே இருந்தான். போகிற நேரத்தில் எழுந்து நின்று, தயங்கி, லுங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினான். கால் வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினான், குழி விழுந்தது, நிரம்பவில்லை. "இந்த வெள்ளை முழி மஞ்சளா இருக்குன்னும் சொல்லுதாவ. சட்டை பட்டன் பூட்ட முடியல. எனக்கு நிசமாவே குடிதான். ஆஸ்பத்திரில ஏசுவாவளோ?"

சிவனாண்டியின் தொண்டையில் பழைய பிரசங்கம் முழுசாகத் தயாராக நின்றது. சித்தப்பன், பானை, குச்சி எல்லாம் வரிசையில் இருந்தன. தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

"ஏச மாட்டாவ. கேப்பாவ, எழுதிக்கிடுவாவ. நாளைக்குக் காலைல வா, சேர்ந்து போவோம். வெறும் வயித்தோட வா."

இசக்கி வந்தான். அவனுக்கு ஈரல் பாதி கெட்டிருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள், குடித்தால் பிழைக்க மாட்டாய் என்று நேராகவே சொன்னார்கள். இரண்டு மாதம் நிறுத்தினான். பொங்கலுக்குக் குடித்தான். மறுபடி நிறுத்தினான். அவன் கதை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நல்லது என்றும் சொல்ல முடியாது, முடிந்துபோயிற்று என்றும் சொல்ல முடியாது.

சிவனாண்டிக்கு மாத்திரை கொடுக்கிற பொறுப்பு பேபியிடமே வந்தது. திங்கள், புதன், வெள்ளி. கண் முன்னால் விழுங்க வேண்டும். ஒரு கை நிறைய மாத்திரை. முதல் நாள் விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர் மத்தியானம் அலறியடித்துக்கொண்டு சைக்கிளில் திரும்பி வந்தார்.

"நர்சம்மா, ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது!"

"சிவப்பாவா, ஆரஞ்சாவா?"

"ஆ… ஆரஞ்சு."

"மாத்திரை கலரு. காலைலயே சொன்னேன். நீங்க அப்போ, மாத்திரையைப் பாத்தா கடலைமிட்டாய் மாதிரி இருக்குன்னு வேடிக்கை பண்ணிக்கிட்டு இருந்தீங்க. கண்ணு மஞ்சளானாலோ, வாந்தி வந்தாலோதான் உடனே சொல்லணும். இதுக்கு இல்ல."

சொல்லிவிட்டுப் பேபி குனிந்து எதையோ எழுதினார். தோள் குலுங்கியது. சிவனாண்டி எட்டிப் பார்த்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷ முயற்சிக்கு இப்படி ஒரு பலன் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு வேடிக்கைகூடச் சொல்லாமல்!

மார்கழியில் காய்ச்சல் நின்றது. தையில் பசி வந்தது. மாசியில் வயிறு வற்றிப் பழைய பேண்ட் இடுப்பில் நின்றது. பங்குனியில் வேலைக்குத் திரும்பினார். உடம்பு தேறிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குள் இருந்த பழைய வைத்தியர் மெல்லத் தலையெடுத்தார். அன்றைக்குப் பேபி பஸ்ஸிலேயே ஏறி, ஓடுகிற வண்டியில், நாற்பது பேர் முன்னிலையில் வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையைப் போட்டார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கைதட்டினார்கள். அழகுத்தாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வைகாசி கடைசியில் மருந்து முடிந்தது. டாக்டர் சுகுணா மறுபடி ஸ்கேன் பார்த்து, "தண்ணி துளி இல்லை. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை காட்டிட்டுப் போங்க" என்றார்.

வெளியே வந்ததும் அமுதவள்ளி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஹோட்டலுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளாக ஹோட்டலுக்குப் போகலாம் என்று சொன்னது கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் முதல் தடவை. சாப்பாடு வந்தது. சிவனாண்டி சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு வாங்கினார். அவள் தன் இலையைத் தொடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குத?"

"சாப்பிடுங்க."

"நீ இப்பிடிப் பாத்தா எனக்கு வயித்த வலிக்கும்."

அவள் முகம் சட்டென்று மாறியது. "வலிக்குதா? எங்கன? எப்போதிருந்து?" என்று பாதி எழுந்தேவிட்டாள்.

"ஏட்டி, கண்ணு பட்டுரும்னு சொன்னேன். உக்காரு. வலிச்சா, இனிமே வலிக்குதுன்னு மட்டுந்தான் சொல்லுவேன்" என்றார் சிவனாண்டி.

அவள் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள். பிறகு சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.